கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில், பீம் என்ற ஒடுங்கிய நீளக் கட்டை மேல் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்ததும் என் மகள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. பயிற்சிக் கூடத்துக்கும் பெற்றோர் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் சிரிப்பாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் முகம் சுருங்கிவிடும். அதைப் பாசம் என்றே நினைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து அவளுடைய கோச் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பீம் வெறும் 10 சென்டிமீட்டர் அகலம்தாங்க. அது மேல நிக்கறப்ப கண்ணு பீமோட கடைசி முனையில இருக்கணும். உங்க பொண்ணு கண்ணு கண்ணாடியில இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை அம்மாவைப் பார்ப்பதில் என்ன தவறு என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் பொருமித் தீர்த்தேன். ஆனாலும் அடுத்த வாரம் பின்வரிசையில், அவள் பார்வை படாத மூலையில் போய் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் தேடினாள். பிறகு தேடவில்லை. கோச் சொன்ன திருத்தங்களுக்கு அன்றுதான் அவள் முழுதாகத் தலையாட்டிக் கேட்டதைப் பார்த்தேன்.

இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இதுவரை மூன்று கோச்களிடம் பயின்றிருக்கிறாள். இந்த ஏழு வருடத்தில் நான் இரண்டு பெரிய தவறுகள் செய்தேன். முதலில் எனக்குச் சம்பந்தமில்லாததையெல்லாம் கோச்சிடம் கேட்டேன். பிறகு, நான் மட்டுமே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் இருந்தேன். இரண்டாவது தவறு அவள் முதுகெலும்பில் போய் முடிந்தது. ஜிம்னாஸ்டிக்ஸில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்காக இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் தவறு பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்கில் நடந்தது. பின்பக்கமாகத் தாவி, கைகளை ஊன்றி, மறுபடி கால்களில் வந்து நிற்கும் அசைவு அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மேலே குதிப்பதுபோலத் தெரியும். உண்மையில் நாற்காலியில் உட்காரப் போவதுபோல இடுப்பைப் பின்னால் சாய்த்து, கால்களால் உந்திப் பின்னோக்கிப் பாய வேண்டும். உயரத்தைவிட நீளம்தான் முக்கியம். நேராக மேலே குதித்துவிட்டால் உடம்பு பின்னால் நகராது. கைகள் மிக அருகிலேயே, முழங்கை மடங்கியபடி வந்து விழும். அடுத்து மெத்தையில் மோதுவது தலை.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது போனில் எடுத்த வீடியோ மட்டும். வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். கை மடங்குவது தெரிந்தது. "இன்னும் நல்லா உயரமா குதி கண்ணு, அப்பதான் கை நேரா வரும்" என்று வீட்டுக் கூடத்தில் மெத்தையை விரித்துச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வகுப்பில் அவள் என் பேச்சைக் கேட்டாள். கோச் அன்றுதான் முதல்முறையாகத் தாங்கும் கையை எடுத்திருந்தார். தலை மெத்தையில் இடித்தது.

அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளால் பின்பக்கம் தாவ முடியவில்லை. நிற்பாள், கையை உயர்த்துவாள், முழங்காலை மடக்குவாள், அப்படியே நின்றுவிடுவாள். கண்ணில் நீர் முட்டும்.

"ஏன் திடீர்னு மேல குதிச்ச?" என்று கோச் கேட்டிருக்கிறார். "அம்மா சொன்னாங்க" என்றிருக்கிறாள். அன்று மாலை மேடம் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் ஒண்ணு சொல்லி நீங்க ஒண்ணு சொன்னா, காத்துல தலைகீழா இருக்கறப்ப அவ யார் பேச்சைக் கேக்கறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதோடு நான் திருந்திவிடவும் இல்லை. ஒன்பது வாரம் அந்தப் பயம் நீடித்தது. தினமும் வீட்டுக்கு வரும் வழியில் "இன்னைக்குப் பண்ணியா?" என்று கேட்டேன். செய்துவிட்டால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னேன். அந்த ஆசை வார்த்தை அவளுக்குச் சுமையாகிவிட்டது. வகுப்பு நாளில் வயிற்றுவலி என்றாள். சைக்கிளுக்காகப் பயத்தை விழுங்க அவளும் முயன்றாள், முடியவில்லை. முடியாமல் போனதும் பயத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பயம் கோழைத்தனம் இல்லை என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். காற்றில் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வு தவறும்போது, மூளை பாதுகாப்புக்காக அசைவை நிறுத்திவிடுகிறது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸுக்கே இது வந்தது. அணிப் போட்டியில், ஓடிவந்து கை ஊன்றித் தாண்டும் வால்ட் ஒன்று முடிந்ததும் விலகிக்கொண்டார். உலகின் தலைசிறந்த வீராங்கனையே அப்படி என்றால், ஒன்பது வயதுக் குழந்தையிடம் "தைரியமா பண்ணு" என்று சொல்வதில் என்ன பயன்?

மேடம் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டார். ஒரு மாதத்துக்கு அந்த அசைவைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது. பரிசு எதுவும் கிடையாது. அவர் பங்குக்கு, அவளைத் தொடக்கத்துக்கே கூட்டிப்போனார். உருளை மெத்தை மேல் பின்பக்கம் சாய்வது, பிறகு சரிவான மெத்தை, பிறகு முதுகில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு இரண்டு விரல். கையை முழுதாக எடுத்தது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தலை பின்னிவிடும்போது, "அம்மா, எனக்கு இப்ப பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் வருது. ரெண்டு வாரம் ஆச்சு" என்றாள்.

அதோடு ஒரு முடிவுக்கு வந்தேன். எந்த அசைவு எப்போது, எத்தனை முறை, யார் அடுத்த நிலைக்குப் போவது, போட்டி அணியில் யார் இருப்பது, இதெல்லாம் கோச்சின் வேலை. முன்பு போட்டிகளில் நான் பேனாவோடு உட்கார்ந்து, பிழைகளுக்குக் கழிக்கும் மதிப்பெண்களைக் கணக்குப் போடுவேன். சிறு பிழைக்கு 0.10, நடுத்தரப் பிழைக்கு 0.30, பெரிய பிழைக்கு 0.50, விழுந்தால் 1.00. அந்தக் கணக்கையும் நிறுத்தினேன். பிள்ளைக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். கீழே இறங்கும்போதே முகத்தில் எழுதியிருக்கும். அம்மாவும் ஒரு நடுவராக உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதுவரை சரி. இங்கேதான் நான் தடம் மாறினேன்.

பதினொரு வயதில் அவள் வேறொரு கூடத்தில் போட்டிக் குழுவுக்குத் தேர்வானாள். வாரத்துக்கு 5 மணி நேரமாக இருந்த பயிற்சி 18 மணி நேரமானது. புது கோச் கண்டிப்பானவர், பதக்கங்களால் பெயர் பெற்றவர். அங்கே பெற்றோர் பார்க்க அனுமதி இல்லை. மாதத்தில் ஒரு நாள் கடைசிப் பதினைந்து நிமிடம் மட்டும் கதவு திறக்கும். மற்ற பெற்றோர் முணுமுணுத்தபோது நான் அவருக்காகப் பரிந்து பேசினேன். "பிள்ளைங்க கவனம் சிதறும்ல, அவர் சொல்றது சரிதான்." கண்ணாடி விஷயத்தில் பட்ட பாடம் அப்படி என்னைப் பேச வைத்தது. நுணுக்கத்தில் தலையிடக் கூடாது என்பதை, எதிலுமே தலையிடக் கூடாது என்று நான் படித்து வைத்திருந்தேன்.

பன்னிரண்டு வயதில் ஒரே வருடத்தில் கிடுகிடுவென்று வளர்ந்தாள். வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்தில் எலும்பு முதலில் நீள்கிறது, தசையும் தசைநாணும் பின்னால் வந்து சேர்கின்றன. அதனால் உடம்பு இறுகுகிறது. கை கால் நீண்டதும் சுழற்சியின் வேகமும் சமநிலையும் மாறிப்போகின்றன. நேற்றுவரை எளிதாக வந்தது இன்று வராது. எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள், அவற்றைச் சுற்றியுள்ள தசைநார்களைவிட வலுக் குறைந்தவை. குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழேயும், கையை ஊன்றிச் செய்யும் இந்த விளையாட்டில் மணிக்கட்டிலும், வலி வருவது அதனால்தான். இவை அறிந்த கோச்கள் அந்த வருடம் எண்ணிக்கையைக் குறைத்து, அடிப்படைக்குத் திரும்பி, பொறுமையாகக் கடக்க வைப்பார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது வேறு. குதிகால் வலிக்கிறது என்றபோது "சோம்பேறித்தனம்" என்றார். பழைய அசைவுகள் தவறியபோது "வீட்டுல நல்லா சாப்பாடு போடறாங்க போல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வாரம் ஒருமுறை எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதினார். இதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. மகள் சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

பிறகு இடுப்புக்கு மேலே, கீழ்முதுகில் வலி. பின்னால் வளையும்போது அதிகமாகும், உட்கார்ந்தால் குறையும். அவள் சொல்லித் தெரியவில்லை. ஷூ லேஸ் கட்டக் காலை நாற்காலி மேல் வைத்ததைப் பார்த்துத் தெரிந்தது. இரவில் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு பாடம் படித்ததைப் பார்த்துத் தெரிந்தது. கேட்டபோது கையைப் பிடித்துக்கொண்டாள்: "சார்கிட்ட சொல்லாதீங்கம்மா. டீம்ல இருந்து எடுத்துடுவாங்க."

நான் சொல்லவில்லை. பத்து வாரம் தைலம் தேய்த்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பல இரவுகள் கேட்டுக்கொண்டேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு காரணம். இடம் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வெகுநாள் ஆனது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு வருடம் அனுபவம் உள்ளவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம். அவருக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியும். என் மகள் லேஸ் கட்டும் விதம் மாறியது அவருக்கு எப்படித் தெரியும்? அது வீட்டில் இருந்த எனக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

ஸ்கேனில் கீழ்முதுகின் ஐந்தாவது முள்ளெலும்பில் அழுத்த முறிவு என்று வந்தது. முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைக்கும் விளையாட்டுகளில், வளரும் வயதில் வருவது. "வளரும் பிள்ளைக்கு, அதுவும் ஜிம்னாஸ்ட்டுக்கு, ரெண்டு மூணு வாரம் முதுகு வலி நீடிச்சா தசைப்பிடிப்புன்னு விட்டுடக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லா எலும்பு கூடும்" என்றார் மருத்துவர். மூன்று மாதம் பயிற்சி கிடையாது. இயன்முறைப் பயிற்சி, வயிற்றுத் தசைகளுக்கும் முதுகுத் தசைகளுக்கும் மெல்ல மெல்ல வலுவேற்றுதல், அவ்வளவுதான்.

அதே மருத்துவர்தான் மாதவிடாய் பற்றியும் சாப்பாடு பற்றியும் கேட்டார். அவள் இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருந்தாள் என்பது அந்த அறையில்தான் தெரிந்தது. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு கிடைக்காமல் போனால் எலும்பு, மாதவிடாய், எதிர்ப்பு சக்தி, மனநிலை எல்லாமே பாதிக்கப்படும் என்று விளக்கினார். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ஒரு தனிப்பெயரே கொடுத்து, பயிற்சியாளர்களையும் மருத்துவர்களையும் எச்சரித்திருக்கிறது. எடை நோட்டும் முதுகெலும்பும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்று எனக்கு அன்று புரிந்தது.

மருத்துவர் கொடுத்த கடிதத்தோடு கோச்சைப் பார்க்கப் போனேன். கடிதத்தை முழுதாகப் படிக்கவில்லை. "இந்த வயசுல மூணு மாசம் விட்டா அவ்வளவுதான் மேடம். அப்புறம் இவளை மறந்துட வேண்டியதுதான்" என்றார்.

இந்த அவசரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி ஒலிம்பிக் வரலாற்றின் முதல் முழு 10 மதிப்பெண் வாங்கியபோது அவருக்கு வயது 14. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றாலே சிறுமிகளின் விளையாட்டு என்ற எண்ணம் அந்தக் காலத்தில் இறுகிப்போனது. ஆனால் 1997-லிருந்து சர்வதேச சீனியர் போட்டிகளுக்கு, அந்த வருடத்துக்குள் 16 வயது நிறைந்தாக வேண்டும். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா தன் எட்டாவது ஒலிம்பிக்கில், டோக்கியோவில், வால்ட் செய்தபோது வயது 46. பைல்ஸ் பாரிஸில் 2024-ல் எல்லாக் கருவிகளையும் சேர்த்த ஒட்டுமொத்தப் போட்டியில் தங்கம் வென்றபோது 27. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு மூன்று மாதம் கொடுக்க முடியாத அளவுக்கு இந்த விளையாட்டில் நேரப் பஞ்சம் இல்லை. பிள்ளையின் எலும்பைவிட அவசரமாக ஒரு கோச் இருந்தால், அந்த அவசரம் யாருடையது என்று பெற்றோர் கேட்டே ஆக வேண்டும்.

நாங்கள் அங்கிருந்து வெளியே வந்தோம். சண்டை போடவில்லை. ஆனால் நடந்ததைத் தேதியோடு எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்தோம். கூட இருந்த பெற்றோர் சிலர் பேசுவதை நிறுத்தினார்கள். அதில் ஒரு அம்மா இரண்டு மாதம் கழித்து இரவில் அழைத்து, "என் பொண்ணுக்கும் முதுகு வலிக்குது, எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?" என்று கேட்டார்.

அந்த நாட்களில்தான் உலகத்தில் மற்ற இடங்களில் நடந்தவற்றைத் தேடிப் படித்தேன். அமெரிக்க தேசிய அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் மீதான பாலியல் அத்துமீறல் வழக்கில், 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் ஒருவர்பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். சில சிறுமிகளின் பெற்றோர் அதே அறையில் உட்கார்ந்திருந்தபோதே அந்தக் கொடுமை நடந்திருக்கிறது. சிகிச்சை என்று நம்பியிருக்கிறார்கள். அந்தப் பெற்றோரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்து அன்று தூங்கவில்லை. பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸில் நடந்த கொடுமைகளை விசாரித்து 2022 ஜூனில் வெளியான வைட் அறிக்கை பாலியல் அத்துமீறலோடு நிற்கவில்லை. பிள்ளைகளை எடை பார்த்து அவமானப்படுத்துவது, காயத்தோடு பயிற்சி செய்ய வைப்பது, கத்துவது எல்லாவற்றையும் பதிவு செய்தது. அதில் உள்ளவை எனக்குப் புதிதாக இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கே அவை நடந்திருந்தன.

இப்போது என் மனதில் கோடு தெளிவாக இருக்கிறது. அசைவு, வரிசை, அணி, போட்டி எல்லாம் கோச்சிடம். வலி, சாப்பாடு, எடை, தூக்கம், தொடுதல், மிரட்டல், ரகசியம் இவை என்னிடம். இதில் ஒன்றைக்கூட யாருடைய பதக்கப் பட்டியலைப் பார்த்தும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொடுதலைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், பலர் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடும் விஷயம் இது. ஜிம்னாஸ்டிக்ஸைத் தொடாமல் சொல்லித்தர முடியாது. முதுகிலும், இடுப்பின் பக்கவாட்டிலும், தொடையின் பின்புறத்திலும் கை வைத்துத்தான் தாங்க வேண்டும். சில நேரம் விழும் பிள்ளையை எங்கே பிடிப்பது என்று பார்க்க நேரமே இருக்காது. நல்ல கோச் கை வைக்கும் முன் "முதுகுல கை வைக்கிறேன்" என்று சொல்வார். எல்லார் பார்வையிலும் செய்வார். பிள்ளை தானாகச் செய்யத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுவார். காயத்துக்கு மசாஜ், தனியறையில் நீட்டல் பயிற்சி, பெரியவர் ஒருவரோடு பிள்ளை மட்டும் தனியாகப் பயணம், பிள்ளையின் போனுக்குத் தனிச் செய்தி, இவை எதற்கும் பயிற்சியில் தேவையே இல்லை. "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அது மிட்டாய் விஷயமாக இருந்தாலும், வந்து சொல்ல வேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னால் அவள் இடம் போகாது, அவள்மேல் கோபமும் வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் மகள் மறைத்தது அந்தப் பயத்தால்தான்.

மூன்றாவது கோச்சிடம் சேர்க்கும் முன் நானும் கணவரும் போய் அரை மணி நேரம் பேசினோம். பதக்கங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை வலிக்கிறது என்றால் அந்த நிமிடம் என்ன செய்வீர்கள்? பயத்தில் ஓர் அசைவு நின்றுபோனால் எப்படிக் கையாள்வீர்கள்? எடை பார்ப்பீர்களா? முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்கலாமா? எந்த நேரத்திலும் கூடத்தில் இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா? உங்களிடம் குறை சொல்ல வேண்டுமென்றால் உங்களுக்கு மேலே யார் இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. மேலே உள்ளவரின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். எடை பார்ப்பதில்லை என்றார். முதுகைப் பற்றிக் கேட்டபோது, "இதுல எனக்கு அளவாத்தான் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுக்கறதை அப்படியே ஃபாலோ பண்றேன். பின்னால வளையற அசைவு எதையும் அவங்க சொல்ற வரைக்கும் தொட மாட்டேன்" என்றார். தனக்குத் தெரியாததைத் தயங்காமல் சொன்ன அந்த நொடியில்தான் அவரை நம்பத் தொடங்கினேன்.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன்: "எங்ககிட்ட நீங்க என்ன எதிர்பார்க்கறீங்க?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லையாம். பயிற்சி நடக்கும்போது ஓரத்திலிருந்து பிள்ளைக்குச் சைகை காட்ட வேண்டாம், இரவு பத்து மணிக்கு மேல் மெசேஜ் அனுப்ப வேண்டாம், மற்ற பிள்ளைகளைப் பற்றி தன்னிடம் பேச வேண்டாம் என்றார். பன்னிரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு இதெல்லாம் நியாயமான தேவைகள். காற்றில் இருக்கும் ஒரு பிள்ளையின் கழுத்து அவர் கையை நம்பியிருக்கும்போது, "என் பொண்ணுக்கு ஏன் இன்னும் அடுத்த லெவல் தரலை?" என்று வாசலில் நின்று கூப்பிடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.

கோச்சிடம் பேசுவதற்கு நான் வைத்திருக்கும் முறை மிக எளிமையானது. ஏதாவது உறுத்தினால் ஓர் இரவு தள்ளிப்போடுவேன். வலியோ பாதுகாப்போ என்றால் மட்டும் அந்த நிமிடமே. மற்றதற்கு முன்கூட்டியே நேரம் கேட்டு, பயிற்சி இல்லாத வேளையில், மகள் பக்கத்தில் இல்லாமல் பேசுவேன். ஒரு சந்திப்புக்கு ஒரு விஷயம்தான். வீட்டில் பார்த்ததை முதலில் சொல்வேன், தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டேன். "நீங்க ரொம்ப வேலை வாங்கறீங்க" என்று தொடங்கினால் யாருமே தற்காப்பில்தான் பேசுவார்கள். "மூணு நாளா காலையில படி இறங்கறப்ப நொண்டறா. இங்க ஏதாவது தெரிஞ்சுதா?" என்றால் அவரும் நம் பக்கம் வந்து நின்று பார்ப்பார். கேட்டுவிட்டு மகளிடமும் சொல்வேன், முதுகுக்குப் பின்னால் பேசினோம் என்று அவளுக்குத் தோன்றக் கூடாது. பதின்மூன்று தாண்டிய பிறகு அவளையே முதலில் பேசச் சொன்னேன். முதல்முறை தொண்டை அடைத்து நின்றாள், நான் இரண்டடி பின்னால் நின்றேன். "மேம், இன்னைக்கு மணிக்கட்டு வலிக்குது, பார் கம்பில தொங்கறது வேண்டாம்" என்று அவள் வாயால் சொன்னது, எனக்கு எந்தப் பதக்கத்தைவிடவும் பெரிது.

வீட்டுக்கு வரும் வழியில் நான் ஜிம்னாஸ்டிக்ஸ் பேச்சை எடுப்பதில்லை. அவள் எடுத்தால் கேட்பேன். எடுக்காத நாளில் பாட்டு ஓடும்.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காத்திருக்கும் இடத்தில் பேசப்படுவது பெரும்பாலும் ஒப்பீடு. யார் பிள்ளைக்குத் தனிக் கவனம், யார் முந்துகிறார்கள் என்று போகும். அதில் உட்கார்ந்தால் நல்ல கோச்சின் மேலும் சந்தேகம் வரும், மோசமான கோச்சின் மேலும் பக்தி வரும். ஆனால் அதே கூட்டத்தில்தான் "உங்க பொண்ணுக்கும் வலிக்குதா?" என்று கேட்கும் இன்னொரு அம்மாவும் இருப்பார். நாங்கள் இருவரும் பத்து வாரம் முன்னால் பேசியிருந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் நல்லது நடந்திருக்கும்.

போன மாதம் ஒரு போட்டி. பீமில் இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது முறை மேலே ஏறும்போது கண்ணாடி இல்லாத அந்த அரங்கில் என்னைத் தேடவில்லை, பீமின் முனையைப் பார்த்துக்கொண்டே ஏறி, மிச்சத்தை முடித்து இறங்கினாள். இடைவேளையில் இப்போதைய கோச் மேடம் என்னைத் தேடி வந்தார்.

"நேத்து நைட் தூங்கினாளாங்க?"

"பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தா. படுக்க ரெண்டு மணி ஆச்சு."

"அதான். வார்ம்-அப்லயே கால் லேட்டா வந்துச்சு." கொஞ்சம் யோசித்தார். "பரீட்சை எப்ப முடியுது?"

"வியாழக்கிழமை."

"அப்ப வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் லீவு."

அதற்குள் மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். உள்ளங்கையில் வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது. "என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?" என்றாள். மேடமே சொன்னார்.